வால்வு மூடி இருந்த இடம்

"வலது பின்சக்கரத்தில் போதிய காற்று இல்லாத நிலையில், சுமையுடன் டிராக்டரைத் தார்ச்சாலையில் ஓட்டியது ஏன் என்று எழுத்து மூலம் விளக்கம் தரவும்."

தோட்ட அலுவலகம் எனக்குக் கொடுத்த கடிதத்தின் நடுப்பத்தி இது. இந்த மாதிரிக் கடிதத்தைத் துஞ்சோக் செபாப் என்பார்கள்; காரணம் காட்டச் சொல்வது. மலாய் மொழியில் இருந்ததைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கடிதத்தின் தேதி, தீபாவளிக்குப் பிந்தைய இரண்டாவது திங்கட்கிழமை. வண்டி கால்வாயில் இறங்கியது அதற்கு முந்தைய வியாழன். கடிதம் என் கைக்கு வந்தது செவ்வாய் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்த பிறகு. நாளையும் கிழமையையும் நான் குழப்பிக்கொள்வதில்லை. மற்றவர்கள் குழப்பும்போது திருத்திவிடுவேன். வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது.

கடிதத்துக்குப் பிறகு விசாரணை. அதில் என் பக்கம் எடுபடவில்லை என்றால் டிராக்டர் போய்விடும். அது எனக்கு என்னவென்று தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். டிராக்டருக்கு வருவதற்கு முன் பல ஆண்டுகள் நீளக்கம்பில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை வெட்டியவன் நான். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து எலும்பு தேய்ந்து, கிள்ளான் மருத்துவமனையில் காட்டிய பிறகுதான் வண்டிக்கு மாற்றினார்கள். ஓட்டுநர் இருக்கை எனக்கு ஒரு சலுகையாகக் கிடைத்தது. சலுகையைத் திரும்ப எடுப்பது எளிது.

ஒரே டிராக்டரை இருவர் ஓட்டினோம். காலையில் என் தங்கையின் கணவர். அவர் செம்பனை நிரையிலிருந்து குலைகளை ஏற்றி வந்து மேட்டில் நிறுத்துவார். மதியத்துக்கு மேல் நான் அதே வண்டியை மில்லுக்குக் கொண்டுபோவேன். அவருக்கு வேலை கேட்டு அலுவலகப் படி ஏறியவனும் நான்தான். என்னை மச்சான் என்பார். நான் அவரை மாப்ள என்பேன், நீங்க என்பேன். இன்றும் அப்படித்தான்.

எங்கள் பக்கம், கோலசிலாங்கூருக்கும் தஞ்சோங் காராங்குக்கும் நடுவில், கடலோர மண். மழைக்காலத்தில் உழவுக்கு நீர் விட்ட வயல் மாதிரி ஆகிவிடும். காற்று முழுதாக இருக்கும் டயர் அதில் குழி தோண்டி உட்கார்ந்துவிடும். பாதிக் காற்றை இறக்கிவிட்டால் டயர் பரந்து படுத்து, சேற்றின் மேல் நடந்து போகும். அதனால் செம்பனைக் காட்டுக்குள் போகிறவர் காற்றை இறக்குவார். தார் ரோட்டுக்குப் போகிறவர் பட்டறையில் மறுபடி அடித்துக்கொள்வார்.

இதற்கு எங்கள் இருவருக்குள் ஓர் அடையாளம் இருந்தது. காற்றை இறக்கினால் வால்வு மூடியைத் திரும்பத் திருகக் கூடாது. கழற்றிய மூடியை ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட வேண்டும். இருக்கையில் மூடி இருந்தால் நான் நேராகப் பட்டறைக்குப் போவேன். வால்வின் தலையில் மூடி இருந்தால் காற்று முழுதாக இருக்கிறது என்று அர்த்தம். சேறு அப்பிய டயரைப் பார்த்துக் காற்றைக் கணிக்க முடியாது. அதற்காகத்தான் மூடி. யாருக்கும் சொல்லாமல் நாங்களாக வைத்துக்கொண்டது.

அந்த ஆண்டு மழை தொடங்கியதும் டியூப்புகள் அடிக்கடி கிழிந்தன. இனி யாரும் காற்றை இறக்கக் கூடாது என்று அலுவலகம் சொல்லிவிட்டது. கையேடு எதுவானாலும் நாவலைப் போல் படிக்கிற பழக்கம் எனக்கு. டயர்க் கையேட்டிலும் அதே எச்சரிக்கை இருந்தது. காற்றுக் குறைந்த டயர் ரிம்மை இறுக்கிப் பிடிக்காது. சுமையோடு இழுக்கும்போது ரிம் ஒரு பக்கம் சுற்ற, டயர் கொஞ்சம் பின்தங்கும். உள்ளே இருக்கும் டியூப்பை டயர் தன்னோடு இழுக்கும். வால்வோ ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டிருக்கும். நாளாக ஆக வால்வு சாயும். கடைசியில் வேரோடு பிய்யும்.

இதை மாப்பிள்ளையிடம் விளக்கினேன். அவர் சிரித்தார்.

"புக்கு படிச்சா சேத்துல வண்டி நகருமா மச்சான்?"

"நகராது. ஆனா கடுதாசி வராது."

"சரி லா. நிறுத்திட்டேன், போதுமா?"

அன்றிலிருந்து மூடிகள் எப்போதும் வால்வின் தலையில்தான் இருந்தன. நான் வந்ததும் கேட்பேன், டயர் எப்படி என்று. "கல்லு மாதிரி இருக்கு மச்சான். எட்டி உதைச்சுப் பாருங்க, உங்க காலுதான் உடையும்" என்பார். நான் உதைத்துப் பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமை நான் போனபோது அவர் இல்லை. வழக்கமாகக் காத்திருந்து சாவியைக் கையில் கொடுப்பவர், அன்று சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். பின்சக்கர மூடிகள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கிளம்பினேன். தார் ரோட்டில் ஏறி, நீர்ப்பாசனக் கால்வாயை ஒட்டிப் போகும் வளைவில் வலது பின்பக்கம் திடீரென்று உட்கார்ந்தது. ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. டிரேலர் கவிழ்ந்து குலைகள் கால்வாய்க்குள் உருண்டன. டிராக்டர் கரையில் சாய்ந்து நின்றது. எனக்கு மணிக்கட்டு மட்டும் பிசகியது. எதிரே யாரும் வரவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் பட்டறையில் அந்தச் சக்கரத்தைப் பிரித்தார்கள். டயரைப் புரட்டியதும் உள்ளிருந்து கருப்புத் தூள் கொட்டியது, அரைத்த மாவு மாதிரி. டியூப் மடிந்த இடமெல்லாம் தேய்ந்து காகிதமாகியிருந்தது. வால்வு தனியாக வந்தது.

"இது ஒரு நாளு வேலை இல்ல தம்பி," என்றார் பட்டறை அண்ணன். "பல நாளு காத்து இல்லாம ஓடியிருக்கு. உள்ளாரயே அரைபட்டிருக்கு பாரு."

அந்தத் தூளை விரலில் தொட்டுப் பார்த்தேன். காற்றை இறக்குவதை மாப்பிள்ளை நிறுத்தவே இல்லை. தினமும் இறக்கி, நான் வருவதற்குள் அடித்துவைத்து, மூடியைத் திருகி வைத்திருக்கிறார். அன்று மட்டும் அடிக்கவில்லை. ஆனால் மூடியைத் திருகியிருக்கிறார்.

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. தங்கை தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனதும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "விசாரணையில நானே சொல்லிடறேன் மச்சான். என்னால உங்களுக்கு ஒண்ணும் ஆவாது." அந்த வார்த்தையை நம்பித்தான் கடிதத்துக்குச் சுருக்கமாகப் பதில் எழுதினேன்: காற்றுக் குறைவு எனக்குத் தெரியாது, காலை ஓட்டுநர் நேரில் விளக்குவார்.

விசாரணை நடந்தது, கடிதம் வந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை. உதவி மேனேஜர் நம்மவர், ராவாங்கிலிருந்து வந்து போகிறவர், தமிழிலேயே கேட்டார். தார் ரோட்டுக்கு ஏறும் முன் காற்றைப் பார்த்தீர்களா என்றார். மூடி வால்வில் இருந்தது, அதனால் பார்க்கவில்லை என்றேன்.

"மூடி இருந்தா?"

"மூடி இருந்தா காத்து முழுசா இருக்குன்னு எங்களுக்குள்ள ஒரு கணக்கு சார். மாப்பிள்ளையக் கேளுங்க."

உதவி மேனேஜர் அவரைப் பார்த்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறேன் என்றே புரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"என்ன மூடி மச்சான்?"

பிறகு அவரே தொடர்ந்தார். "நான் ஒளுங்காத்தான் நிறுத்திட்டுப் போனேன் சார். கடைசியா ஓட்டினது மச்சான்தான்."

கடைசியாக ஓட்டியது நான்தான். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. தூளைப் பற்றிச் சொன்னேன், பல நாள் ஓடியிருக்கிறது என்றேன். அந்தப் பல நாளும் நீங்களும்தானே ஓட்டினீர்கள் என்றார் உதவி மேனேஜர். அதுவும் சரிதான். பட்டறை அண்ணன் தூளைத்தான் காட்ட முடியும், அது யாருடைய தூள் என்று காட்ட முடியாது. "மூடிய நம்பியா வண்டி ஓட்டுவாங்க?" என்று உதவி மேனேஜர் கேட்டபோது குறிப்பெழுதிக்கொண்டிருந்த கிராணிகூட லேசாகச் சிரித்தார்.

அடுத்த திங்கள் முதல் நான் உரம் போடும் கும்பலில். கழுத்தில் வாளி தொங்குகிறது. மாப்பிள்ளை இப்போது முழுநாளும் டிராக்டர் ஓட்டுகிறார்.

தங்கை ஒருமுறைதான் இதைப் பேசினாள். பொங்கலன்று, அடுப்படியில், பால் பொங்குவதைப் பார்த்தபடி. "அவரு அன்னிக்கு மத்தியானம் காத்தடிக்கப் பட்டறைக்குப் போனாராம்ண்ணே. கம்ப்ரசர் ரிப்பேராம். உன்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம, மூடியத் திருகிட்டு வந்துட்டாராம்."

"விசாரணையில அதச் சொல்லியிருக்கலாமே."

அவள் அடுப்பைக் குறைத்தாள். "பால் பொங்கிருச்சு, அவரக் கூப்புடுண்ணே" என்றாள். கூப்பிட்டேன். "வாங்க மாப்ள" என்றுதான் கூப்பிட்டேன்.

கம்ப்ரசர் விஷயத்தை நான் விசாரித்தேன். பட்டறையில் இப்போது இருப்பவர்கள் புதியவர்கள். பட்டறை அண்ணன் ஓய்வு பெற்று உலு யாம் பக்கம் மகளோடு இருக்கிறார். போன் எண் மாறிவிட்டது. அந்த மழைக்காலத்தில் கம்ப்ரசர் ஒருமுறை நின்றுபோனது என்பது உண்மை. அது தீபாவளிக்கு முன்பு என்கிறார் வேலை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர், பின்பு என்கிறார் இன்னொருவர். நான் கால்வாயில் இறங்கிய வியாழக்கிழமை நண்பகலில் கம்ப்ரசர் ஓடியதா இல்லையா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.