மடவைக்கு விட்ட முறைத்தண்ணீர்

1953 ஜனவரி 17, சனிக்கிழமை. விடிந்ததும் கோழிகளைத் திறந்துவிட்டேன். மீனுக்குத் தவிட்டை வாளியில் கரைத்துக்கொண்டு, மணக்குடிக் காயலை ஒட்டிய என் குளத்துக்கு நடந்தேன். காயலில் பிடித்த மடவைக் குஞ்சுகளை அதில் விட்டு வளர்த்துவந்தேன். அன்றும் கரையோரம் மீன்கள் செத்து மிதந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். செவுளிலும் வயிற்றிலும் கடுகு ஒட்டியதுபோலப் பேன். இப்படியே போனால் மாதக் கடைசிக்குள் குளம் காலி.

மாட்டில் அட்டை ஏறினால் நாங்கள் உப்பு தடவுவோம். அதை நம்பி, அண்ணன் சொன்னபடி, முந்தின வாரம் உப்பளத்து உப்பைக் கூடைகூடையாகக் குளத்தில் கொட்டியிருந்தோம். கடலில் பிறந்த பேனுக்கு அது விருந்தாகிவிட்டது. வாய்க்கால் மடையில் நல்ல தண்ணீர் கசியும் மூலையில்தான் மீன்கள் மொய்த்தன. அங்கே பிடித்த மீனில் பேன் இல்லை.

அன்று வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச என் முறை. மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் பால் பிடிக்கும் நேரம், வயலுக்குத் தண்ணீர் தப்பக் கூடாது. ஆனாலும் நான் வயல் மடையை அடைத்துக் குளத்து மடையைத் திறந்தேன். மறுபக்கத் தூம்பில் மீன் தப்பாதபடி மூங்கில் தட்டி கட்டி, உப்புத் தண்ணீரைக் காயலுக்கு வடியவிட்டேன்.

அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். தண்ணீர் வயலுக்கே போகட்டும் என்று, கரையை வெட்டி மீனைக் காயலுக்கே விரட்டிவிடும் எண்ணம். பக்கத்து வயல்காரரும் கூட வந்தார்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சுட்டா உனக்கு? மீனு தண்ணி இல்லாமலா சாவுது?" என்றார் அண்ணன்.

"உப்புத் தண்ணியிலதான் சாவுது. கொஞ்சம் நல்ல தண்ணி குடிக்கட்டு."

வயல்காரர் சிரித்தார். "அப்பம் நாளைக்குக் கோயில்ல வச்சு ஞானஸ்நானமும் குடுத்துரு."

"குடுப்பேன். நீரு ஞானத்தகப்பனா நில்லும்."

அண்ணன் சிரிக்கவில்லை. "நெல்லு பதராப் போனா எங்கிட்ட வந்து நிக்காத."

"வரமாட்டேன் அண்ணே. முறை எனக்குள்ளது, நெல்லு எனக்குள்ளது, குளமும் எனக்குள்ளது. கரையில மம்பட்டி விழுந்தா மொதல்ல என் காலுலதான் விழும்."

சொல்லிவிட்டு அவர் வெட்ட வந்த இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தேன். அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முறை முடிந்து மடையை அடைக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு காலை கோழிகளைக்கூடத் திறக்கவில்லை. முதலில் குளத்துக்குப் போய் வலையை வீசினேன். ஒரு மடவையை எடுத்துத் தலையிலிருந்து வால்வரை உள்ளங்கையால் தடவினேன். கையில் எதுவும் தட்டுப்படவில்லை.