அத்தர் பஞ்சு

தஞ்சாவூரில் ஸ்கேன் படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டராக இருந்தேன். நாகப்பட்டினத்துக் கடைக்காரர் ஒருவரின் மூளையில் வளையம்போல ஒரு கட்டி தெரிந்தது. முற்றிய புற்று என்று எங்கள் மூத்த அறுவை டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். துபாயிலிருந்த மகன் டிக்கெட் போட்டுவிட்டான்.

எனக்கு ஒப்பவில்லை. திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று அளக்கும் வசதி எங்கள் எம்.ஆர்.ஐ.யில் புதிதாக வந்திருந்தது; யாரும் அதைச் சீண்டுவதில்லை. அழுகிய புற்றுக்கட்டியின் நடுவில் நீர் தாராளமாக நகரும். கெட்டியான சீழில் நகராது. மூன்று முறை அளந்தேன். நகரவில்லை.

கடைக்காரரின் காதில் எப்போதும் அத்தர் தோய்த்த பஞ்சு இருக்கும். முஸ்லிம்கள் வழக்கம்தானே என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். இப்போது அவர் மனைவியிடம் கேட்டேன். "காதுல சீழ் வடியுமாம்மா?"

"சின்ன வயசுலேர்ந்தே வடியுமுங்க. வாடை தெரியக் கூடாதுன்னுதான் அத்தர் வைக்கிறாங்க."

மூத்தவரிடம் போய் அளவுகளைக் காட்டி, மூளையில் இருப்பது காதிலிருந்து ஏறிய சீழ் என்றேன்.

"நம்பரை வச்சு வைத்தியம் பாக்க முடியாதும்மா."

"ஊசி விட்டு உறிஞ்சிப் பாருங்க சார்." அவர் சரி என்னும்வரை நகராமல் நின்றேன்.

மறுநாள் ஊசிக்குழல் நிறைய மஞ்சள் சீழ் வந்தது.

மகன் ஒரு அத்தர் பாட்டிலோடு வந்தான். அடக்கத்தன்று பூச வாங்கியதாம். தேறி உட்கார்ந்திருந்த தகப்பனார் அதைத் தன் சட்டையில் பூசிக்கொண்டு, மூத்தவரின் கையிலும் தடவிவிட்டார். அன்று முழுக்க அவர் போன வார்டெல்லாம் என் அறிக்கை மணத்தது.