இரண்டு கிண்ணமும் உறைந்தன

மகளின் பள்ளியில் அறிவியல் விழா வருகிறது. வேலை முடிந்து, ஜொகூர் பாரு நெரிசலைத் தாண்டி வீடு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிய பிறகுதான் இதற்கெல்லாம் உட்கார முடிகிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கேள்வி கேட்பவர்களாகவே இருக்கிறார்கள். யாருக்காவது ஐடியா இருக்கிறதா, யாராவது செய்து கொடுப்பார்களா, எந்தக் கடையில் பொருள் கிடைக்கும். பதில் சொல்ல ஒருவரும் இல்லை. எரிமலை மட்டும் வேண்டாம் என்று ஆசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கைப்பேசியில் தேடிக்கொண்டு போனபோது, ஒரு நீண்ட பட்டியலின் நடுவில் அது இருந்தது. ஒரு கிண்ண ஜெல்லியில் புதிதாக வெட்டிய அன்னாசி, இன்னொன்றில் டின் அன்னாசி. டின் பழம் போட்டது உறையும், புதுப் பழம் போட்டது உறையாது. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: அகார் அகார் பயன்படுத்தினால் இந்தச் சோதனை பலிக்காது.

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். இந்த ஒரு வரி எங்களிடம் வந்து சேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது நாங்கள் அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸில் இருந்தோம். நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பின்னால் வந்ததால் தேதி சொல்ல முடியவில்லை. நடந்த வரிசை மட்டும் மாறாமல் நினைவிருக்கிறது. பள்ளியில் ஒரு சிறிய அறிவியல் கண்காட்சி வைத்து, அதில் சிறந்த ஒன்றைப் பொந்தியானில் நடக்கும் வட்டாரப் போட்டிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். போகிறவருக்கு நெஞ்சில் குத்திக்கொள்ளப் பெயர் அட்டை உண்டு. அந்த அட்டை எனக்கு வேண்டியிருந்தது. அதுவரை எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆனால் யாரைக் கேட்பது? அப்பா லாரி ஓட்டினார். வீட்டில் இருக்கும் நாட்களில் தூங்கினார். அம்மா அன்னாசி டின் ஆலையில், தோல் சீவிய பழத்தின் கண்களை நோண்டி எடுக்கும் வரிசையில் நின்றார். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அங்கிருந்து ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவார். அந்த முறை லீவில் வந்தவர் பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

அதில் அன்னாசிப் படம் போட்ட பக்கத்தைப் பார்த்ததும் மாமா தொடையில் தட்டினார். “அலமாக்! நம்ம ஊரு பழம்டி! வேற என்னா வேணும் உனக்கு?”

வாய்விட்டுப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். ஒரு சொல்லில் மட்டும் கொஞ்சம் நின்றார். ஜெலட்டின்.

“அப்படினா என்னா மாமா?”

“அகார் அகார்தான் லா. வெள்ளக்காரன் பெரிய பேரா வச்சிருக்கான்.”

எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் ஊரில் ஜெல்லி என்றால் அகார் அகார். தீபாவளிக்குச் செய்வோம், பிறந்தநாளுக்குச் செய்வோம். உறையும் பொருள் இன்னொன்று உலகத்தில் உண்டு என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற அந்தச் சாமான், சாமி படம் மாட்டியிருந்த எங்கள் சமையலறைக்குள் வந்திருக்காது.

அம்மா வேலை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் அடுப்பில் தண்ணீர் வைத்தார். ஆலையில் வேலையாட்களுக்குக் கொடுக்கும் நசுங்கிய டின் ஒன்று வீட்டில் இருந்தது. புதுப் பழம் கையோடு வந்திருந்தது. காய்ச்சி, ஆறவைத்து, இரண்டு கிண்ணத்தில் ஊற்றினோம். இரண்டும் கல் மாதிரி உறைந்தன.

“நீ கெட்டியா காச்சிட்டக்கா,” என்றார் மாமா.

மறுநாள் அம்மா நீர்க்கக் காய்ச்சினார். இரண்டும் உறைந்தன. பழம் பழையது என்றார் மாமா. அன்று காலையில் வெட்டிய பழத்தை அம்மா கொண்டுவந்தார். இரண்டும் உறைந்தன. தூளை மேலும் குறைத்தபோது இரண்டுமே உறையாமல் சர்பத் ஆயின; அதை நாங்கள் குடித்தோம். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் அகார் அகார் தீரவே இல்லை. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி, இத்தனை தடவை கொடுக்கிறீர்களே, வீட்டில் என்ன விசேஷம் என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா அலுத்துக்கொள்ளவில்லை. அடுப்புக்கு எதிரில் சுவரில் சாய்ந்து, நின்றபடியே கண்ணை மூடிக்கொள்வார். கொதி வந்ததும் திறப்பார். கிண்ணத்தைக் கழுவும் வேலையை மட்டும் என்னிடம் விட்டுவிடுவார். எலுமிச்சை பிழிவதும் மிளகாய் கிள்ளுவதும் ஏற்கெனவே என் வேலைகள்தான். பெண்பிள்ளை வேலை பழகட்டும் என்று விட்டிருக்கிறார் என நினைத்துக்கொள்வேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மாமா புது யோசனை சொன்னார். “தொறந்து தொறந்து பாக்குறீங்கல்ல, அதான் கெடுது. துணி போட்டு மூடு. அங்க போய்தான் தொறக்கணும்.” எனக்கும் அதில் ஏதோ விஞ்ஞானம் இருப்பதாகத் தோன்றியது. இரண்டு கிண்ணத்தையும் துணியால் கட்டி, காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போனேன்.

நடுவராகப் பொந்தியானிலிருந்து ஒரு மலாய் ஆசிரியை வந்திருந்தார். புது அன்னாசி ஜெல்லியை உறையவிடாது என்று மனப்பாடம் செய்திருந்ததை மலாயில் ஒப்பித்துவிட்டுத் துணியை அவிழ்த்தேன். அவர் முதல் கிண்ணத்தைச் சாய்த்தார், அசையவில்லை. இரண்டாவதைச் சாய்த்தார், அதுவும் அசையவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“இனி அகார் அகார், கான்?” என்று மெதுவாகக் கேட்டார். இது அகார் அகார்தானே?

“ஆமாம் சிக்கு. அம்மா செஞ்சது,” என்று மலாயில் சொன்னேன். மலாயில் ஆசிரியரைச் சிக்கு என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் நெற்றியைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு கரண்டி கேட்டார். ஒரு வாய் தின்றுவிட்டு, “செடாப்,” என்றார். ருசியாக இருக்கிறது என்ற அந்த ஒரு சொல்தான் என் திட்டத்துக்குக் கிடைத்த தீர்ப்பு. ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தார்கள்; மிச்சத்தைப் பிள்ளைகள் முடித்தார்கள். சோடா மாவில் எரிமலை செய்த பையன் பொந்தியானுக்குத் தேர்வானான். “ஏய், உன் புரோஜெக்ட் நல்லா இருந்துச்சி. இன்னும் இருக்கா?” என்று அவனும் வந்து கேட்டான்.

இன்று கைப்பேசியில் அந்தப் பக்கத்தைக் கடைசிவரை படித்தேன். அன்னாசிச் சாறு புரதத்தை அரித்துவிடுமாம். ஜெலட்டின் புரதம், ஆகவே உறைவதில்லை. டின்னில் அடைக்கும்போது பழத்தைச் சூடாக்குவதால் அந்தச் சக்தி செத்துவிடுகிறது. அகார் அகார் கடல்பாசி. சாறு அரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அந்தச் சாறு அரிப்பது தோலையும் சதையையும்தான்.

கண்காட்சி நடந்த அன்று சாயங்காலம் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: “உறையாம இருந்துச்சா?”

“ரெண்டும் உறைஞ்சிடுச்சிம்மா.”

“நாந்தான் தூள கூடப் போட்டுட்டேன் போல,” என்றார். தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து, தினமும் செய்வதுபோல விரல்களில் தடவிக்கொண்டார். ஆலையில் கையுறை கொடுப்பார்கள். அது கிழிந்து, சாறு உள்ளே இறங்கி ஊறும். அம்மாவின் விரல்நுனிகள் ரேகை இல்லாமல் வழவழப்பாக, சிவப்பாக இருக்கும். அழகான விரல்கள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் கொஞ்சம் காரமாக இருந்தது. அம்மா எப்போதும்போலக் கரண்டியால் சோற்றை அள்ளிச் சாப்பிட்டார். ஆலையில் வேலை செய்கிறவர்கள் இப்படித்தான் நாகரிகமாகச் சாப்பிடுவார்கள் போலும் என்று எண்ணி, அந்தப் பெயர் அட்டை கிடைக்காத வருத்தத்துக்கு நடுவிலும், நானும் எழுந்துபோய் எனக்கு ஒரு கரண்டி எடுத்துவந்தேன்.