படியில்லாத வீடு

வெர்லா ஹாஸ்கின்ஸ் அந்த வீட்டை வாங்கியது அழகுக்காக அல்ல. கன்சாஸ் சிட்டிக்கு வெளியே, கோதுமை விளைந்த நிலத்தில் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த 1955 அது. எல்லாம் மாடியில்லாமல் தரையோடு தரையாக நீண்டு கிடக்கும் வீடுகள். விற்க வந்தவன் பெரிய கண்ணாடி ஜன்னலையும் ரோஸ் நிறக் குளியலறையையும் பீற்றிக்கொண்டே வந்தான். வெர்லா தரையை மட்டும் பார்த்தாள். வாசலில் ஒரே ஒரு படி. உள்ளே அதுவும் இல்லை. எட்டு வயது மகள் ஜோனிக்குப் போலியோவில் கால்கள் போயிருந்தன. பழைய வீட்டில் அவளை மாடிக்குத் தூக்கித் தூக்கியே கணவன் எல்வுட்டுக்கு இடுப்பு ஒடிந்திருந்தது.

எல்வுட் அந்த ஒற்றைப் படியையும் சிமெண்ட் பூசிச் சரிவாக்கினான். கதவு நிலைகளைப் பெயர்த்து அகலமாக்கினான். அப்படியும் ஜோனியின் சக்கர நாற்காலி உரசிக்கொண்டுதான் போகும். வீடு முழுக்க முழங்கால் உயரத்தில் கீறல். இருபத்திரண்டு வயதில் நிமோனியா வந்து அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்தார்கள். அந்த நிலைகளில் பிரஷ் வைக்க வெர்லா யாரையும் விட்டதில்லை.

எல்வுட்டும் போய், எண்பத்தாறு வயதில் தனியாக இருக்க முடியாமல், வீட்டை விற்கத் துணிந்தாள். மகன் கர்ட் வந்து கேட்டான்.

"எனக்கே குடும்மா. ஆனா இப்பவே சொல்லிடறேன். மேல மாடி எழுப்புவேன், சமையலறைச் சுவர இடிப்பேன். ஜோனி ரூம மட்டும் தொடமாட்டேன்."

"இடிக்கிறதுக்கா உனக்கு வீடு?"

"பேரப்பசங்கல்லாம் வந்தா எங்கேம்மா படுக்கிறது? உங்கிட்ட பொய் சொல்லணுமா?"

சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் வீடு வாங்க வருகிறவர்கள் சொந்தக்காரருக்கு உருக உருக ஒரு கடிதம் எழுதுவார்கள். எதை எழுதினால் மனசு இளகும் என்று புரோக்கரே காதில் போட்டுவிடுவார். ஓர் இளம் தம்பதி குழந்தை, நாய் சகிதம் போட்டோ வைத்து எழுதியிருந்தார்கள்: ‘உங்கள் மகளின் அறையில் எங்கள் மகள் வளர்வாள். இந்த வீட்டின் ஒவ்வொரு கீறலையும் நேசிக்கிறோம்.’ பெற்ற மகன் கடிதமா எழுதுவான்?

வெர்லா அந்தத் தம்பதியின் கடிதத்தைப் படித்துப் படித்து அழுதாள். கர்ட்டின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "யாரோ எவரோ, அவங்களுக்கு இருக்கிற ஈரம் உனக்கு இல்லையேடா!"

வீடு அவர்களுக்குப் போயிற்று. கர்ட் ஆறு மாதம் பேசவில்லை.

மார்ச்சில் ஒரு காலை அவனே முதியோர் இல்லத்துக்கு வந்தான். "கோட்டப் போட்டுக்கம்மா. பாக்கணும்னா இப்பவே போகணும்."

போனபோது பொக்லைன் பாதி வீட்டைத் தின்றிருந்தது. ஜோனியின் அறை இருந்த பக்கத்தில் ஆகாயம் தெரிந்தது. அந்த இளம் மனைவி ஓடிவந்து வெர்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசாரத்தாங்க எழுதினோம். இருக்கணும்னுதான் வந்தோம். சரிபண்றதவிடப் புதுசா கட்டறது சுலபம்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு."

அவள் கண் கலங்கியிருந்தது. பொய்க்காரியாக இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். வெர்லா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

"கர்ட், அந்த ரூம நெஜமாவே விட்டு வெச்சிருப்பியாடா?"

அவன் கார் கதவைத் திறந்து அவளை உட்காரவைத்தான்.

"வெச்சிருப்பேன்னு சொன்னா உனக்கு இன்னும் வலிக்கும். மாட்டேன்னு சொன்னா அது பொய்ம்மா."

சீட் பெல்ட்டை மாட்டிவிட அவன் குனிந்தான். வெர்லா அவன் தோளில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதாள்.