முள் விட்ட கல்

எத்தியோப்பியாவின் கொன்சோ மலையில் ஒரு பெண்ணின் லட்சணம் தெரிய வேண்டுமானால் அவள் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. கொல்லையில் இருக்கும் கல்குழியை எட்டிப் பார்க்க வேண்டும். கல்லைத் தட்டிக் கூராக்கித் தோல் சுரண்டும் பெண்கள், தேய்ந்த கல்லையும் தெறித்த சில்லையும் அங்கேதான் கொட்டுவார்கள். வெளியே எறிந்தால் பிள்ளைகள் காலைக் கிழித்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் குழியில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்தே, தட்டியது யார், அன்று காலை அவளுக்கும் புருஷனுக்கும் சண்டையா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.

குயிதேயின் குழி முப்பது வருஷமாக ஊரிலேயே கர்வம் பிடித்த குழி. அவள் தட்டிய கல் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம், பிறை போல் விளிம்பு. மரப்பிசினைச் சூடாக்கி மரப்பிடியில் பதித்தால், ஊரே வந்து இழுத்தாலும் அசையாது. அவளைப் போன்றவர்கள் வீட்டில் விவசாயக் குடும்பங்கள் பெண் எடுக்காது. ஆனால் அவள் சுரண்டிய தோலில் படுத்துத்தான் குறட்டை விடும். இந்த நியாயத்தை நினைத்து அவள் மனதைக் குழப்பிக்கொண்டதில்லை. குறட்டையின் சத்தமே தனக்குக் கிடைத்த பட்டம் என்று எடுத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு சோதனை வந்தது. எதிர்மலையில் மேயும் ஆட்டின் தாடி துல்லியமாகத் தெரிந்தது; கையில் இருக்கும் கல்லின் விளிம்பு தெரியவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கெல்சிமோ என்ற பெரிய விவசாயி ஒரு காளைத் தோலோடு வந்தார். மகள் புருஷன் வீட்டுக்குப் போக இன்னும் ஆறு நாள்.

"தாயி, இது என் பொண்ணு படுக்கப்போற தோலு. ஒரு ஓட்டை விழுந்துச்சுன்னா சம்பந்தி வீட்ல என் மூக்கு அறுந்துரும்."

"உங்க மூக்குக்கு நான் பொறுப்பு," என்றாள் குயிதே. "அவ்வளவு பெரிய மூக்கு அறுந்தா ஊருக்குத்தானே அசிங்கம்."

தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, புதுக் கல்லால் ஒரு இழுப்பு இழுத்தாள். தோலில் நீளமாக ஒரு கீறல். நல்ல வேளை, ஆழமில்லை. விளிம்பை விரலால் தடவினாள். ஓரத்தில் எள்ளளவு கல் துருத்திக்கொண்டிருந்தது, முள். தட்டக் கற்றுக்கொள்ளும் சிறுமிகள்தான் முள் விடுவார்கள். அந்த ஊரில் இரண்டு பெண்கள் சண்டை போட்டு, கடைசியாக வாயில் வரும் வசவு 'முள் விட்டவளே'. அதற்குமேல் பேச எதுவும் இருக்காது, கல்தான் பறக்கும்.

வேறு கல் தட்டினாள். முள். இன்னொன்று. முள். மூன்று நாளில் பதினொரு கல், பதினொன்றிலும் முள். தோல் பாதிகூட ஆகவில்லை.

நெசவுத் தறியிலிருந்து அவள் புருஷன் ஓர்காய்தோ எட்டிப் பார்த்தார். "ஏன்டி, கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கயேன். சந்தையில விக்கிறான்."

"போட்டுக்கிட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும்."

"தோலு ஓட்டையானா தெரியாதா?"

"நீ நூலைப் பாரு."

அந்தப் பதினொரு கல்லையும் என்ன செய்வது என்பதுதான் பெரிய பிரச்சினை. தன் குழியில் போட்டால் முப்பது வருஷப் பெருமை போச்சு. காட்டில் எறிந்தால் யார் காலையாவது அறுக்கும். அவள் அவ்வளவு பாவி இல்லை. ஆழ்ந்து யோசித்து, யாருக்கும் தீங்கு வராத ஒரு தர்மமான வழியைக் கண்டுபிடித்தாள்: உர்மலேயின் குழியில் போட்டுவிடுவது. ஊரில் இவளுக்குச் சமமாகக் கல் தட்டும் ஒரே ஆள் உர்மலே. ஆகவே பேச்சுவார்த்தை கிடையாது. ஊரே வயலில் இருக்கும் நண்பகலில், மூன்று நாளும், தினசரி விளைச்சலைத் துணியில் முடிந்துகொண்டு போய்க் கொட்டிவிட்டு, முருங்கைக்கீரை பறிக்க வந்தவள் போலத் திரும்பினாள்.

நான்காம் நாள் காலை உர்மலே வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் சாகா என்ற சோளக் கள் நிரம்பிய சுரைக்குடுவை. மறு கையில் ஊன்றுகோல்.

கள் குடுவையோடு சண்டைக்கு வருகிறவளைக் குயிதே பார்த்ததில்லை.

"உக்காரலாமாடி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உர்மலே முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். "முட்டி போச்சு. மழைக்கு முன்னாடி வழுக்கி விழுந்தது. கல்லு எடுக்கப் போகணும்னா அரை நாள் நடை. என்னால எங்க? யார்கிட்டயும் சொல்லல. சொன்னா தோல் தர மாட்டாங்க. கையில ஒரு கல்லு கெடையாது. உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். அப்பப் பார்த்தா, குழியில கல்லு! நாலு, அப்புறம் நாலு, அப்புறம் மூணு. பிடிச்சுப் பார்த்தேன். உன் கை. வேற யார் கையும் இல்ல."

குயிதே ஒரு வாய் சாகா குடித்தாள். அது புரையேறியது. இருமி முடிக்கும்வரை உர்மலே முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அதுலயும் ஓரத்துல முள்ளை அப்படியே விட்டு வச்சிருந்த பாரு! கடைசித் தட்டு என் கைக்குத் தோதா நானே தட்டிக்கட்டும்னு. அந்த மரியாதை யாருக்கு வரும்?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் குயிதே அந்த மலையின் புண்ணியவதியாகியிருப்பாள். சிறிது நேரம் அந்தப் பதவியில் அமர்ந்தும் பார்த்தாள், சுகமாகத்தான் இருந்தது. ஆனால் உர்மலே மடியிலிருந்து முடிச்சை அவிழ்த்தாள். பதினொரு கல். முள் நீங்கி, விளிம்பு வெயிலில் பளபளத்தது.

"ஆறு எனக்கு, அஞ்சு உனக்கு. கல்லு உன்னோடது, கேக்கறதுக்கு வெக்கமாத்தான் இருக்கு."

"அக்கா," என்றாள் குயிதே. முப்பது வருஷத்தில் முதல் அக்கா. "எனக்குக் கண்ணு தெரியல. அந்த முள்ளு மரியாதை இல்ல, குருட்டுத்தனம். உன் குழியில போட்டது..."

"என் பேரு கெடட்டும்னு. தெரியும்டி."

"தெரியுமா?"

"கீரை பறிக்கிறவ துணி அவ்வளவு கனமாவா இருக்கும்? வேலிப் பக்கம் நின்னு மூணு நாளும் பார்த்தேன். மொத நாள் வைய வாயைத் தொறந்தேன். அப்புறம் கல்லைப் பார்த்தேன், மூடிக்கிட்டேன். மழை என்ன, நம்ம மேல பாசம் வச்சா பெய்யுது? பெய்யும்போது கும்பிடறோமில்ல? இப்ப உன்னைக் கும்பிட்டுட்டேன். கணக்குத் தீர்ந்துச்சு. அந்தத் தோலைக் காட்டு, நாறடிச்சு வச்சிருப்ப."

கீறலைப் பார்த்து உர்மலே இரண்டு நிமிஷம் விடாமல் திட்டினாள். குயிதேக்கு அது தாலாட்டுப் போல இருந்தது. பிறகு ஒருத்தி உட்கார்ந்தபடி விளிம்பு தட்ட, ஒருத்தி நின்றபடி சுரண்டினாள். எட்டி நின்று இழுக்கும் வேலைக்குக் குயிதேயின் கண் போதும். உட்கார்ந்து தட்டும் வேலைக்கு முட்டி தேவையில்லை. மறுநாள் மாலைக்குள் கீறல் இருந்த இடமே தெரியவில்லை.

கெல்சிமோ வந்து தோல் முழுக்க உள்ளங்கையால் தடவினார். ஓட்டை இல்லை.

"தாயி, உன்னை மாதிரிக் கைக்காரி இந்த மலையிலயே கெடையாது!"

"பாதி வேலை உர்மலே அக்காவோடது. கல்லு அவங்க தட்டினது. என் கல்லுல முள்ளு இருந்துச்சு."

கெல்சிமோ நெகிழ்ந்துபோனார். "பாருங்கய்யா! இவ்வளவு பெரிய கைக்காரி, தன் கல்லுல முள்ளுங்கறா! என்ன அடக்கம்!" ஆண்கள் கூடி ஊர்நியாயம் பேசும் மோராவில் அன்று முழுக்க அதே பேச்சு. குயிதே மறுநாள் அங்கேயே போய் நின்று உண்மையை மறுபடி சொன்னாள். அடக்கம் இரண்டு மடங்கானது. மூன்றாம் முறை சொல்லப் போனவளை உர்மலே தடுத்தாள்: "விடுடி. இன்னொரு தடவை சொன்னா உனக்குச் சிலை வச்சிருவாங்க."

அடுத்த சந்தை நாள் விடிந்ததும் குயிதே இரண்டு தோல்பைகளை எடுத்துக்கொண்டு கல் எடுக்க அரை நாள் நடந்தாள். ஒன்று தனக்கு, ஒன்று உர்மலேக்கு. ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றவள், வானத்தைப் பார்த்து முறையாக நன்றி சொன்னாள்: தன் கண் கெட்டதற்கு, உர்மலேயின் முட்டி கெட்டதற்கு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் புத்தி கெட்டதற்கு. பிறகு கல் கிடக்கும் இடம் சேர்ந்து, குனிந்து, நல்ல கல்லாகப் பார்த்து, பெரியதை உர்மலேயின் பையில் போட்டாள்.