ஒன்றைத் தவிர எல்லாம் ரகசியம்

வந்தவரின் வாயைத் திறக்க வைப்பது எங்கள் தொழிலில் பாதி. அவர் போன பிறகு எங்கள் வாயை மூடிக்கொள்வது மீதி. 'மனநல ஆலோசகர்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'ரகசியம் காக்கப்படும்'. ஆனால் இரும்புலியூரில் 'பேசுற டாக்டர்' என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று யாராவது உங்களிடம் ஆரம்பித்திருக்கிறார்களா? கேட்ட உடனே, ஐயோ, இதை என்னிடம் ஏன் கொண்டுவந்தார் என்று தோன்றியிருக்கிறதா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்.

தொண்டைக் கட்டு

என் அறை ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் இருக்கிறது. மாடிப்படி ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்து இருப்பதால், ஏறுகிறவரை பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அத்தனை பேரும் பார்க்கலாம். அதனால் என்னிடம் வருகிறவர்கள் யாரும் நேரே மாடி ஏறுவதில்லை. முதலில் கடைக்குள் நுழைவார்கள், இருமல் மிட்டாய் வாங்குவார்கள், அக்கம்பக்கம் தெரிந்த முகம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சட்டென்று மேலே வந்துவிடுவார்கள். என் மேஜை மேல் அந்த மிட்டாய் எப்போதும் கிடக்கும். மறந்து விட்டுவிட்டுப் போவார்கள், நான் தின்பேன்.

கடை வைத்திருக்கும் பாஸ்கர் நல்ல மனிதர். மேலே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம், உங்ககிட்ட வர்றவங்க எல்லாருக்குமே தொண்டை கட்டிக்கினு கீதா?"

ஒன்றைத் தவிர

முதல் நாளே எல்லோரிடமும் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். "இங்கே நீங்கள் பேசுவது எதுவும் இந்த அறையைத் தாண்டாது, ஒன்றைத் தவிர. உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால், உங்களைச் சேர்ந்த ஒருவரிடம் சொல்வேன்." இதைச் சொல்லாமல் ஆரம்பிப்பது ஏமாற்று வேலை. சொல்லிவிட்டு ஆரம்பிப்பது என்ன வேலை என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்கு விளங்கவில்லை. யார் அந்த ஒன்றைச் சொல்வதற்காகவே வந்திருக்கிறாரோ அவர் காதில்தான் அந்த வாக்கியம் முதலில் விழுகிறது.

பள்ளிக்கரணையிலிருந்து ஒருவர் வந்தார். கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்திருந்தார், நாடா மட்டும் வெளியே தொங்கியது. யாரும் கூட்டிவரவில்லை, தானாகவே வந்தவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து, பேச வாயெடுத்தார். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டார். பிறகு முழு நேரமும் டிராஃபிக்கைப் பற்றிப் பேசினார். மேம்பால வேலை எப்போது முடியும் என்று என்னிடம் கேட்டார். நேராகவே கேட்டேன், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று. சிரித்தார். அடுத்த வாரம் வரச் சொன்னேன், தலையாட்டினார், வரவில்லை. போன் செய்தால் 'பிஸி' என்று குறுஞ்செய்தி வரும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. இன்று எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "அந்த ஒண்ணு மட்டும் எனக்கு இல்ல மேடம்."

நீட்டிய கை

வசந்தியம்மா தூக்கம் வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போக, அங்கிருந்து அவரை என்னிடம் அனுப்பினார்கள். கோவளம் பக்கத்துக் குப்பம். கல்யாணம் ஆன நாளிலிருந்து மீன் கூடையோடு பஸ் ஏறித் தாம்பரம் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றவர். புருஷன் போன பிறகு அந்தக் கூடையை வைத்தே மகன் சரவணனைப் படிக்க வைத்தார். அவன் மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். இரும்புலியூரில் ஃபிளாட் வாங்கி, கல்யாணம் ஆனதும் அம்மாவைக் கூட்டிவந்து, "இனிமே நீ கூடையைத் தொடக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டான். பாசத்தில்தான் சொன்னான். அதனால்தான் அந்த அம்மாவால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

மூன்று நான்கு முறை வந்து மீனைப் பற்றியே பேசினார். நான் உள்ளே நோண்டிக் கேட்டால், "இன்னாமா, செவுளத் தூக்கிப் பாக்குறியா?" என்று சிரிப்பார். மீன் வாங்க வருகிறவர்கள் அப்படித்தானே பார்ப்பார்கள், பழசா புதுசா என்று. ஒருநாள் சிரிப்பு இல்லை. உள்ளங்கையை நீட்டினார். "யாராண்டயும் சொல்லமாட்டேன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணு. ஒண்ணு சொல்லணும்."

எங்கள் படிப்பில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, நீட்டிய கையை என்ன செய்வது என்பதற்கு மட்டும் இல்லை. மறுபடி என் வாக்கியத்தைச் சொன்னேன். அந்த ஒன்றுக்கு மட்டும் சத்தியம் செய்ய முடியாது என்றேன். கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு மடிக்குப் போனது. இவரும் டிராஃபிக் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். பேசவில்லை. "காலீல கண்ணு முழிச்சா போறதுக்கு ஓர் எடம் இல்லம்மா. செத்துட்லாம்னு கீது. ரொம்ப நாளா கீது" என்றார்.

நம் ஊரில் கரண்ட் போனாலும் பஸ் வரவில்லையென்றாலும் செத்துடலாம் போல இருக்கு என்றுதான் சொல்வோம். இது அது இல்லை. இன்றைக்கு சங்கரா மீன் என்ன விலை என்று சொல்கிற அதே நிதானத்தில் சொன்னார். மேற்கொண்டு கேட்கக் கேட்க, வெறும் எண்ணமாக நிற்கவில்லை, எப்போது என்பது வரை யோசித்துவிட்டார் என்று தெரிந்தது. "வசந்தியம்மா, நான் சொன்ன அந்த ஒண்ணு இதுதான்" என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சிரித்தார்: "மொத வெல எல்லாரும் அப்டித்தாம்மா சொல்லுவாங்கோ. நீ சொல்லமாட்ட, எனக்குத் தெரியும்."

குறையாத விலை

வாழ்நாள் முழுக்க மார்க்கெட்டில் உட்கார்ந்தவரிடம் போய் நான் நிபந்தனை சொல்லியிருக்கிறேன். அவர் அதைப் பேரத்தின் ஆரம்பமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். மனதைத் திறந்து பாதி சொன்னால் நானும் பாதி இறங்கிவருவேன் என்று நம்பிவிட்டார்.

அவருக்குத் தெரியாமல் போன் செய்யக் கூடாது என்பதால் அவர் எதிரிலேயே எடுத்தேன். யாரிடம் சொல்லட்டும் என்று கேட்டேன். "யாரும் வோணாம். என் புள்ள வோணவே வோணாம். எனக்கோசரம் வூடு வாங்கி வெச்சிக்கினு கீறான், அவனாண்ட போயி இத்த சொன்னா அவன் இன்னா ஆவான்?" என்று எழுந்து என் கையைப் பிடித்தார். வேறு யாரும் அவருக்கு இல்லை. அவன் எண் மட்டும்தான் என்னிடம் இருந்தது. சொல்லிவிட்டேன். நாளைக்கே இன்னொருவர் இப்படி வந்தாலும் சொல்வேன். அப்படியிருந்தும் அந்தக் கையை விலக்கிவிட்டுப் பேசியது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

ஷிஃப்ட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்பெனி யூனிஃபாரத்தோடு ஓடிவந்தான் சரவணன். அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். வசந்தியம்மா அழவில்லை. அவனைத் தட்டி எழுப்பி, முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, படியில் இறங்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார்: "கடைசி வரைக்கும் வெலய கொறக்கவே இல்லியேம்மா நீ."

ஆப்பிள் ஆரஞ்சு

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை கொடுத்தார், தூக்கம் வந்தது. அந்த மட்டில் நல்லதே நடந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் சொன்னது ஒருவனிடம். பயந்துபோய் அவன் தன் மனைவியிடம் சொல்ல, மனைவி தன் அம்மாவிடம் சொல்ல, ஃபிளாட்டில் மாடிக்கு மாடி செய்தி போய்விட்டது. ஆப்பிள் ஆரஞ்சோடு வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கயிறு மந்திரித்துக் கொண்டுவந்து கையில் கட்டினார். சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே என்ன குறை வைத்தோம் என்று கேட்டுவிட்டுப் போனார். பாத்ரூமில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டினார்கள். சாயங்காலம் மார்க்கெட் வரை நடந்துபோய்ப் பழைய கூட்டாளிகளோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வருவது ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்தது. தனியாக விடக் கூடாது என்று அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அதை மட்டுமாவது திருப்பிக் கொடுங்கள், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்று சரவணனிடம் கெஞ்சினேன். கொஞ்ச நாள் போகட்டும் என்றான். விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். தூக்கமில்லாத கண்ணோடு, என்னைத் தைரியப்படுத்துகிற குரலில் பதில் சொன்னான்: "நீங்க கவலைப்படாதீங்க மேடம், அம்மா மனசு நோகாம நடந்துக்கணும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

முகம் காட்ட

இப்போதும் வாராவாரம் வருகிறார். சரவணன் கீழே பாஸ்கர் கடையில் நிற்பான். வசந்தியம்மா மேலே வந்து, எந்த மாதம் எந்த மீன் ருசி, நெத்திலி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருவார். தன்னைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எப்படி இருக்கிறீர்கள் என்றால், "நல்லா கீறேன்." அந்த இரண்டு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் பள்ளிக்கரணைக்காரர் கதவருகே நிற்பது போல எனக்கு இருக்கும்.

போன வாரம் தாங்கமுடியாமல் நேராகவே கேட்டேன்: "அந்த எண்ணம் இன்னும் வருதா வசந்தியம்மா?" செவுளைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மேஜை மேல் இருந்த என் கையைத் தன் உள்ளங்கையால் மூடினார். சத்தியம் கேட்டு நீட்டியபோது நான் தொடாத அதே கை. "கேக்காதம்மா. நான் சொன்னா நீ சொல்லிடுவ, அது உன் பொழப்பு. நான் சொல்லலன்னா, கீறேனா இல்லியான்னு உனக்கு ராவுல தூக்கம் வராது. அதுக்கோசரம்தான் வாராவாரம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போறேன்."

ஆக, 'ரகசியம் காக்கப்படும்' என்று பலகை மாட்டியிருப்பது நான், காப்பது வசந்தியம்மா.