மௌரீன் போட்ட ஊசிகள்

மௌரீன் சிஸ்டருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருபது வருஷத்தில் ஒரு வேளை ஊசியைக்கூடத் தவறவிட்டதில்லை என்ற திமிர். ஆடுகோடி நர்சிங் ஹோமில் பாதிப் பேருக்கு அதனாலேயே அவளைப் பிடிக்காது.

தொண்ணூற்றாறில் நீலசந்திராவிலிருந்து வீணாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பத்தொன்பது வயது. இதய வால்வில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் பெனிசிலின் ஊசி. ஆறு வேளையில் மூன்று மௌரீன் கையால். காலிக் குப்பிகளைக்கூட எறியாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தாள்.

பத்து நாளாகியும் ஜுரம் இறங்கவில்லை. லேப் ரிப்போர்ட்டோ, கிருமி பெனிசிலினுக்குக் கட்டுப்படும் என்றது. டாக்டர் சிவசங்கரன் காகிதத்தை நம்பினார்.

"மருந்துக்கு அடங்குற கிருமிதானே? அப்புறம் ஏன் ஜுரம்? ஊசி ஒழுங்கா போகுதா சிஸ்டர்?"

பெண்ணின் அம்மா ரத்தினம்மாள் காதுபடவே கேட்டார். மற்ற மூன்று வேளை ஊசி போட்ட நர்ஸ், நர்சிங் ஹோம் முதலாளிக்குச் சொந்தக்காரி. அவளைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மௌரீன் டப்பாவைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்தாள்.

"மருந்தை சிங்க்லகூட கொட்டலாமே" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து ரத்தினம்மாள் ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் வந்து நின்று, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்த்தாள். டாக்டர் சொன்னதைவிட அதுதான் மௌரீனுக்கு அதிகம் வலித்தது.

லேப்பில் இருந்த சரளாவுக்கு மட்டும் அந்த ரிப்போர்ட்டின் மேல் சந்தேகம் வந்தது. கிருமியோடு மருந்து கலந்த குழாய் கலங்காமல் தெளிவாக இருந்தால், கிருமி அடங்கியது என்று எழுதிவிட்டுக் கொட்டிவிடுவதுதான் வழக்கம். அவள் அந்தத் தெளிந்த நீரில் ஒரு சொட்டை எடுத்து, மருந்தில்லாத, கிருமி வளர்க்கும் புதுத் தட்டில் தடவிவைத்தாள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி. பெனிசிலின் அதை வளரவிடவில்லை, ஆனால் கொல்லவும் இல்லை.

உடனே இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள். அதற்குள் வால்வு கிழிந்திருந்தது. நான்காம் நாள் வீணா இறந்துபோனாள்.

"ரேர் கேஸ், மௌரீன்" என்றார் டாக்டர், நடந்துகொண்டே. மன்னிப்பு என்று அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து இறப்புச் சான்றிதழுக்காக ரத்தினம்மாள் வந்தாள். மௌரீன் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். தன் பேர் சுத்தமாக வேண்டும் என்ற தவிப்பு அதில் இருந்தது.

"அப்போ எல்லா ஊசியும் போட்டீங்களா?"

"ஒண்ணுகூட விடல ரத்தினம்மா. சத்தியமா."

ரத்தினம்மாள் சான்றிதழை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

"விட்டிருந்தீங்கன்னா உங்களையாவது சபிச்சிருப்பேன் சிஸ்டர். இப்போ நான் யாரைப் போய்த் திட்டுறது?"